எழும் நேரத்தைப் பிடியுங்கள்: தூக்கம் பற்றி வாசகர் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து, நேரம் தவறிப்போன தூக்கத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். திங்கள், புதன், சனி கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்புவார். கரையில் இருக்கும் ராத்திரிகளில் இரண்டு மணி, மூன்று மணி வரை புரண்டு புரண்டு படுக்கிறார். பகலெல்லாம் அசதி, எரிச்சல். கடல் தொழிலில் இருக்கிறவருக்கு ஒழுங்கான தூக்கம் நடக்கிற காரியமா?
*வாசகி, தங்கச்சிமடம்*

நடக்கும். ஆனால் வாரத்தின் ஏழு ராத்திரியையும் ஒழுங்குபடுத்த முடியாது, நான்கைத்தான் முடியும். திங்கள், புதன், சனி இரவுகள் கடலோடு போய்விடுகின்றன. ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி இரவுகள் கரையில். இந்த நான்கு இரவும் ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மறுநாள் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு அந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கரை ராத்திரியில் தூக்கம் வராததற்குக் காரணத்தை அன்றைய பகலில் தேடுங்கள். தூக்கத்தை நடத்துபவை இரண்டு. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுதான் கண்ணைச் சொருக வைக்கும் அழுத்தம். இது பசி மாதிரி. மாலை ஐந்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டவருக்கு எட்டு மணிக்குப் பசிக்காது. இன்னொன்று, மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சிறு நரம்புக் கொத்து. 24 மணி நேரக் கணக்கு அதனிடம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அன்று இரவு தூக்கம் சீக்கிரம் வரும். இரவு வெளிச்சம் பட்டால் தள்ளிப்போகும். உடம்பின் செல்கள் இந்தக் கணக்கை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். காலையில் கரை திரும்பி, மீனை இறக்கி, கணக்கு முடித்து வீட்டுக்கு வர ஒன்பது, பத்து ஆகும். சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர் மாலை நான்கு, ஐந்து வரை தூங்கினால் சேர்ந்திருந்த அழுத்தம் முழுக்கக் கரைந்துவிடும். அப்புறம் ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் வா என்றால் வராது. அதனால் திரும்பி வரும் நாளில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

வந்ததும் குளித்து, வயிற்றை நிறைக்காத அளவுக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுக்கட்டும். அறையை இருட்டாக்குங்கள், ஜன்னலுக்குக் கறுப்புத் துணியோ பழைய தார்ப்பாயோ போதும். பன்னிரண்டரைக்கு அலாரம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். எழுந்த முதல் அரை மணி தலை பாரமாக, பேசினாலே கோபம் வருகிற மாதிரி இருக்கும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பினால் யாருக்கும் அப்படித்தான். முகம் கழுவி வெளியே வெளிச்சத்துக்கு வந்தால் போய்விடும். வலை பார்ப்பதோ, டீசல் வாங்குவதோ, வெளி வேலை எதுவானாலும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை, காலை ஐந்துக்கு எழுதல். வெள்ளிக்கிழமையும் அதே ஐந்துதான். 'இன்றைக்குத் தொழில் இல்லையே' என்று எட்டு வரை தூங்குகிற வெள்ளி, அடுத்த இரண்டு மூன்று இரவுகளையும் கெடுத்துவிடும். அன்று மதியம் கண் அசந்தால் 20 நிமிடம் போதும், மூன்று மணிக்கு முன்னால்.

தேநீரில் உள்ள காஃபின் அந்த அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. குடித்து சுமார் ஐந்து மணி நேரம் ஆன பிறகும் பாதி ரத்தத்தில் இருக்கும். ஆகவே கரை நாட்களில் மதியம் இரண்டுக்குப் பிறகு டீ வேண்டாம். அசதிக்கு இரண்டு கிளாஸ் ஊற்றிக்கொண்டால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சீக்கிரம் வருவது உண்மை. ஆனால் மூன்று நான்கு மணி நேரத்தில் சாராயம் உடம்பில் தேய்ந்ததும் தூக்கம் உடைந்து உடைந்து வரும், குறட்டையும் கூடும். இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கடலில் இருக்கும் இரவிலும் ஒன்று செய்யலாம். ஒரு வலை போட்டு இழுத்து ஏற்றுவதற்கு நடுவே கிடைக்கும் இடைவெளியை எல்லோரும் பேசியே கழிக்காமல் முறை வைத்துப் படுங்கள். தூக்கம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். ஒன்றரை மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைப்பது, அரை அரை மணியாக மூன்று முறை கிடைப்பதைவிட நல்லது. அந்த முறை முடிந்தவரை இரவு பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் விழுந்தால், கரையில் தூங்கும் நேரத்தோடு ஒத்துப்போகும். டிரைவர் மட்டும் எழுந்த உடனே சுக்கானைப் பிடிக்க வேண்டாம், கால் மணி நேரமாவது போகட்டும்.

பழக்கம் நிலைக்க இரண்டு வாரம் ஆகும். முதல் நான்கைந்து நாள் பகல் தூக்கத்தைக் குறைத்ததால் அசதி கூடத்தான் செய்யும், பெரும்பாலோர் விட்டுவிடுவது அங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இதைத் தொடங்க நல்ல சமயம். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ராத்திரி முழுக்க அரட்டை, படம் என்று இருந்துவிட்டு ஜூன் 15 அன்று விடியற்காலை எழ முடியாமல் தவிப்பதும் நடக்கிறது. கடைசிப் பத்து நாளாவது ஐந்து மணி எழுதலுக்குத் திரும்பிவிடுங்கள்.

என் கணவர் ரியாத்தில் இருக்கிறார். வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு அவர் வீடியோ காலில் வரும்போது இங்கே பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. பிள்ளைகள் வாப்பா முகம் பார்க்காமல் படுக்க மாட்டேன் என்கிறார்கள். ஆறு மணிக்கு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பேசாமல் இருக்கவும் மனம் இல்லை.
*வாசகி, கீழக்கரை*

பேசாமல் இருக்கச் சொல்ல மாட்டோம். கடல் கடந்து உழைப்பவருக்கு அந்த அரை மணி நேரம்தான் குடும்பம். அதை வேறு நேரத்துக்கு நகர்த்தினால் போதும்.

சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. துபாய் என்றால் ஒன்றரை. அங்கே இரவு பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை. அதே கணக்கை மறுபக்கம் பாருங்கள். அவர் சுபுஹு தொழுதுவிட்டு ஐந்து மணிக்கு விழித்திருந்தால் இங்கே ஏழரை. பிள்ளைகள் சீருடை போட்டுத் தயாராக நிற்கும் நேரம். ஐந்து நிமிடம் முகம் பார்த்துப் பேச அது போதும். அவருக்கு மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றால் இங்கே நாலரை, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். அங்கே வெள்ளி பொது விடுமுறை, பல இடங்களில் சனியும் உண்டு. ஆற அமரப் பேசும் நீண்ட அழைப்பை சனிக்கிழமை பகலுக்கு வையுங்கள். வெள்ளி மட்டும்தான் விடுமுறை என்றால் அவர் ஜும்ஆவுக்குப் போகும் முன், அங்கே ஒன்பது, இங்கே பதினொன்றரை. பிள்ளைகள் பள்ளியில் இருப்பதால் அது உங்கள் இருவருக்கான நேரமாகட்டும்.

இரவு அழைப்பை ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் சண்டை வரும். வாரத்தில் இரண்டு இரவு, மறுநாள் பள்ளி இல்லாத இரவாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் படுக்கப் போகும் முன் குரல் செய்தி அனுப்பட்டும், அவர் வேலை முடிந்து கேட்டுப் பதில் போடலாம். காலையில் எழுந்ததும் வாப்பாவின் குரல் காத்திருக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுவதற்கும் அடம்பிடிப்பது குறையும்.

பன்னிரண்டரைக்குத் தூங்கிப் பழகியவர்களை நாளைக்கே ஒன்பதரைக்குப் படு என்றால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ஆறு மணி எழுதலை மாற்றாமல், படுக்கும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று மணி நேரத்தை மீட்க மூன்றரை வாரம் பிடிக்கும். காலையில் எழுந்ததும் பிள்ளைகளை 20 நிமிடம் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நிற்க வைத்துப் பல் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் எரியும் டியூப் லைட்டைவிடக் காலை வெளிச்சம் பல மடங்கு அதிகம், மேகமூட்டமாக இருந்தாலும்.

ரமலானில் இந்தக் கணக்கு கலைந்துதான் போகும். தராவீஹ் இரவுத் தொழுகைக்கும் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் உடையாத தூக்கம், லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெருநாள் முடிந்த அடுத்த நாளே பழைய எழுதல் நேரத்துக்குத் திரும்புவதுதான் முக்கியம்.

ராமநாதபுரத்தில் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு வாரம் இரவுப் பணி, பிறகு பகல் பணி. மாறி மாறி வருவதால் எப்போது தூங்குவது என்றே தெரியவில்லை. பணி முடிந்து ஸ்கூட்டியில் உச்சிப்புளி வரை ஓட்டிப் போகிறேன்.
*வாசகி, உச்சிப்புளி*

முதலில் ஸ்கூட்டியைப் பற்றிப் பேசுவோம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் கண் மூடாமல் இரவுப் பணிக்குப் போனால், மறுநாள் காலை எட்டு மணிக்குள் 26 மணி நேரம் ஆகிவிடும். நேரான சாலையில், வெயில் முகத்தில் அடிக்க, ஒரு கணம் கண் சொருகினால் போதும். இரவுப் பணி வாரத்தில் பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள். முடியாவிட்டால் கிளம்பும் முன் பணி அறையில் 20 நிமிடம் படுத்து எழுந்து, முகம் கழுவிவிட்டு ஓட்டுங்கள்.

முதல் இரவுப் பணிக்கு முன் மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை தூங்குங்கள். காபி, டீ எல்லாம் நள்ளிரவு ஒரு மணிக்குள் முடியட்டும். அதற்குப் பிறகு குடிப்பது காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் கண் மிகவும் சொக்கும், மருந்து அளவில் தவறு நேர்வதும் அப்போதுதான் எளிது. அந்த நேரத்தில் ஊசி மருந்து கலக்கும்போது அளவை வாய்விட்டுச் சொல்லி இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காலை வெளிச்சம் 'விடிந்துவிட்டது' என்று மூளைக்குச் சொல்லாமல் இருக்க. ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை இருட்டறையில் தூக்கம், மாலையில் மறுபடி ஒன்றரை மணி நேரம். இரண்டும் சேர்த்து ஆறு மணி நேரம் வரும்.

வாரம் முடிந்து பகலுக்குத் திரும்பும் நாளில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கடைசி இரவுப் பணி முடிந்த காலையில் ஆசை தீரத் தூங்காதீர்கள். பன்னிரண்டுக்கு எழுந்து, மாலை வரை வெளிச்சத்தில் இருந்து, இரவு ஒன்பதரைக்குப் படுங்கள். ஒரே நாளில் முக்கால்வாசி திரும்பிவிடும். வீட்டார் ஒத்துழைக்காமல் இது நடக்காது. நீங்கள் தூங்கும் நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். பகலில் தூங்குகிற பெண்ணை எழுப்பிச் சமைக்கச் சொல்கிற வீட்டில் எந்த முறையும் பலிக்காது என்பதை வீட்டிலுள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

மகன் பிளஸ் டூ. ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறான், ஞாயிறு பதினொன்று வரை தூங்குகிறான். அதட்டலாமா, விடலாமா?
*வாசகர், தொண்டி*

அதட்ட வேண்டாம். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தாமதமாக ஓடும். பதினொன்றுக்கு முன் தூக்கம் வராதது அவன் குற்றமில்லை. ஆனால் அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். படித்தது மனத்தில் பதிவதும் தூக்கத்தில்தான், இரண்டு மணி வரை கண்விழித்துப் படித்ததில் பாதி நிற்காது. பத்தரைக்குப் புத்தகத்தை மூடி, ஏழுக்கு எழட்டும். ஞாயிறு ஏழரை, அதற்கு மேல் வேண்டாம். கணக்கு, இயற்பியல் போன்றவற்றை மாலையில் முடித்துவிட்டு, படுக்கும் முன் படிப்பதாக இருந்தால் மனப்பாடப் பகுதியை வைத்துக்கொள்ளலாம். போன் சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும்.

காங்கிரீட் வீடு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இரவு ஒரு மணி வரை அறை அனலாகக் கொதிக்கிறது. ஏர் கூலர் வாங்கியும் பிசுபிசுப்புதான் மிச்சம்.
*வாசகர், தேவிபட்டினம்*

கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. காற்று காய்ந்திருக்கும் உள்நாட்டு ஊர்களுக்கு அது சரி. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் அதிகம் ஆவியாகாது, குளிர்ச்சி வராது, அறையில் ஈரம்தான் கூடும், வியர்வையும் உலராது. தண்ணீர் ஊற்றாமல் வெறும் காற்றாடியாக ஜன்னல் பக்கம் வைத்து ஓட்டுங்கள்.

தூக்கம் வர உடம்பின் உள்சூடு ஒரு டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். கை, கால் தோல் வழியாகத்தான் அந்தச் சூடு வெளியேறும். இலவம்பஞ்சு மெத்தை முதுகுப் பக்கத்தை முழுக்க அடைத்துவிடும். வெயில் காலத்துக்கு நம் பக்கத்துப் பனைநார்க் கட்டிலுக்கு ஈடு இல்லை, கீழிருந்தும் காற்று ஏறும். மேலே ஒரு பருத்தித் துணி மட்டும் விரியுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். தோலில் ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வேகமாக இறங்கும். ஐஸ் போன்ற நீர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி எதிராகவே வேலை செய்யும்.

மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் உறிஞ்சிய வெயிலை ராத்திரி வீட்டுக்குள் விடுகிறது. வெயில் காலம் தொடங்கும் முன் மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு பூசுங்கள். பகல் முழுக்க மேற்கு ஜன்னலை மூடி, வெளிக்காற்று உள்ளறையைவிடக் குளிர்ந்த பிறகு திறந்து விடுங்கள். மாலை ஐந்துக்கே திறந்தால் அனல்தான் உள்ளே வரும்.

வயது 63. எட்டரைக்குப் படுத்தால் இரண்டரைக்கு முழிப்பு. அப்புறம் விடியும் வரை தூக்கமில்லை. மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி எட்டு மாதமாகப் போடுகிறேன். இப்போது அதுவும் கேட்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு.
*வாசகர், சாயல்குடி*

ஐயா, எட்டரையிலிருந்து இரண்டரை வரை ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. உங்கள் வயதில் பலருக்கு ஆறரை, ஏழுக்கு மேல் வருவதில்லை. உங்களுக்குத் தூக்கம் குறையவில்லை, சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் வெளியே வெளிச்சத்தில் நடந்து வந்தால் எட்டு மணிக்கே கண்ணைக் கட்டுவது குறையும். டிவி முன்னால் நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவதும் கணக்கில் சேரும், அதை விடுங்கள்.

நடுவில் முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகினால் மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகியிருப்பதை மாற்றுவதற்காகத்தான் இது.

மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பு கூட வரும். அதே சமயம் வயதானவர்கள் ராத்திரி எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கும் அதே மாத்திரைகள் காரணமாகின்றன. அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வழி சொல்வார்.

போகும்போது மூன்று விஷயங்களையும் கேளுங்கள். ராத்திரி சிறுநீருக்காக எழுகிறீர்களா, எத்தனை முறை என்று சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், அழுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து இருந்து அதை மாலையில் போட்டாலும் அப்படி ஆகும். இரண்டாவது, குறட்டை. மூச்சு நின்று, திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேட்டு வாருங்கள். அது இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தம் அடங்காததற்கும் அது ஒரு காரணம், தூக்க மாத்திரை அதை மோசமாக்கும். மூன்றாவது, மாலையில் காலில் ஒரு குடைச்சல், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற தவிப்பு இருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கசகசா பாலும் ஜாதிக்காயும் தூக்கத்துக்கு நல்லதா?
*வாசகி, பெரியபட்டினம்*

வெதுவெதுப்பான பால் ஒரு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். ஒரு காயை முழுதாக அரைத்துக் குடித்தால் வாந்தி, படபடப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும். கசகசாவை வீட்டுக் குருமாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளைகுடா போகிறவர் பெட்டியில் மட்டும் ஒரு பொட்டலம் கூட வைத்து அனுப்பாதீர்கள். சவூதி, துபாய், கத்தார் எல்லா இடத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள், விமான நிலையத்திலேயே பிடித்துச் சிறையில் வைப்பார்கள்.